இன்டி பேரு கண்ணா

சிகந்திராபாத் மெட்டுகுடாவில் தமிழ் பேசுகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று எதில் மாட்டிக்கொண்டாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் உள்ள ஒரு நெட் சென்டரில் ஏழு வருஷமாக விண்ணப்பம் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் பாமா. ஆனால் அந்தத் தெருவில் ‘இனிஷியல் அக்கா’ என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள்.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்றால், இந்த ஊர்த் தெலுங்குக்காரர்களுக்கு இன்டி பேரு என்று ஒன்று உண்டு. குடும்பப் பெயர். தாத்தாவுக்கும் அதே, பேரனுக்கும் அதே, சொந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் முதல் கட்டமே அதற்குத்தான். நமக்கு ஏது இன்டி பேரு? அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு எழுத்து, பிள்ளைக்கு வேறு எழுத்து, கல்யாணமான பெண்ணுக்கு ஆதாரில் ஒன்று, பேங்கில் ஒன்று. நீங்களெல்லாம் ஒரே குடும்பம்தானா என்று கம்ப்யூட்டருக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தச் சிக்கலைப் பிரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஆக, இன்டி பேரு என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

என் மாமனார் பத்மநாபன் ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து சிகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று ஊர் உருது கலக்காமல் ஒரு பேச்சு முடியாது. மாமியார் இறந்து நாலு வருஷம் ஆகிறது. என் கணவர் பத்ரிக்குக் கூரியர் கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே பெண், ரக்ஷிதா, மூன்றாவது படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். கொழுந்தன் சாய்குமார் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான். அவனுக்குப் போன வருஷம் மன்னார்குடியிலிருந்து பெண் எடுத்தோம். ஹம்ஸினி. அம்மா இல்லாத பெண். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

இந்த வீட்டுக்கு நான் வந்து பதினொரு வருஷம். மாமியார் என்னை ‘ஏம்மா’ என்பார். பத்ரி ‘இந்தா’ என்பார். மாமனார் ‘ரக்ஷி அம்மா’ என்பார். ரக்ஷி பிறப்பதற்கு முன்னால் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொன்னதில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஹம்ஸினி வந்த மூன்றாவது வாரம், கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “கண்ணா, தண்ணி குடிச்சியா?”

யாரைக் கேட்கிறார் என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். அவளைத்தான். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பார்சல் ஆபீசில் ஒரு கூடை நண்டு அவிழ்ந்து பிளாட்பாரமெல்லாம் ஓடிய கதையை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நண்டுக் கதையை நான் நாற்பது தடவை கேட்டிருப்பேன். நாற்பது தடவையும் கையில் ஒரு வேலையோடுதான் கேட்டேன். அவள் சும்மா உட்கார்ந்து கேட்டாள். பரிசாகக் கண்ணா கிடைத்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே எரிந்து, மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. கேட்கவே வேண்டாம். மாமனார் தினமும் சாயங்காலம் மெட்டுகுடா மார்க்கெட் வரைக்கும் நடந்துபோய் ஒரு மாதுளம்பழம் வாங்கி வருவார். தானே உரிப்பார். தன் கையால் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷர், முத்து முத்தாக உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார். அவள் அதைச் சாப்பிடுவதற்கு முன்னால் பாதியை இன்னொரு கிண்ணத்தில் கொட்டி என்னிடம் எடுத்து வருவாள். “இந்தாங்கக்கா, உங்களுக்கு.”

அது எனக்கு இன்னும் எரிச்சல். எனக்கு நீ யாருடி பங்கு வைக்க? நான் ரக்ஷியின் தட்டில் கொட்டிவிடுவேன். மறுநாளும் பாதி வரும். ரக்ஷிக்கு என்ன வந்தது, “பின்னி, நாக்கு!” என்று, அதாவது சித்தி எனக்கு என்று, கையை நீட்டிக்கொண்டு அவள் மடியிலேயே போய் விழுந்துவிடுவாள். நான் பெற்ற பெண்ணும் அந்தக் கட்சி.

நாலாம் மாசம் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். எட்டு புள்ளி ஆறு. ஹீமோகுளோபின் குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, அங்கன்வாடியில் உடனே பெயரைப் பதியச் சொன்னார். கர்ப்பிணிகளுக்குத் தினமும் மதியம் அங்கேயே சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுக்கும் தாய்க்கும் உண்டு, அப்புறம் குழந்தைக்குச் சத்துமாவு.

“ரக்ஷி அம்மா, நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போடு. கண்ணாவ அங்கன்வாடிக்கு இட்டுகினு போ. அதுக்குத் தெலுங்கு வராது, நீ கூட இருந்து பேசணும்” என்றார் மாமனார்.

சரி மாமா என்றேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்தேன். காரணம் இருக்கிறது.

ரக்ஷி என் வயிற்றில் இருந்தபோது எனக்கும் எட்டரைதான். எனக்கும் ஒரு டாக்டர் அங்கன்வாடி என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “கவர்மென்ட்டு முட்டைக்குத் தட்டு ஏந்தற குடும்பமா நம்ம குடும்பம்? மாமா சர்வீஸ்ல இருக்காரு. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?” அந்த நாலு பேரில் ஒருவரும் எனக்கு ஒரு முட்டை வாங்கிக் கொடுக்கவில்லை. மாமனார் அப்போது என்ன செய்தார்? பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார். ரக்ஷி ஒண்ணே முக்கால் கிலோவில் பிறந்தாள். இன்றைக்கும் பள்ளிக்கூட அசெம்பிளியில் உயர வரிசைப்படி நிற்கவைத்தால் அவள்தான் முதல்.

அப்போது இருந்த மானம் இப்போது மட்டும் எங்கே போயிற்று? இவளுக்கென்றால் குடும்ப கௌரவம் கொடியில் காயப் போட்ட துணியா, எடுத்து மடித்து வைத்துவிடலாமா? இப்படியெல்லாம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில், இரண்டு அறை உள்ள வாடகைக் கட்டடத்தில் அங்கன்வாடி. முன் அறையில் குழந்தைகள் பாய் விரித்துக் கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் ஸ்ரீஜா எனக்கு முகப்பழக்கம் உள்ளவர்தான். ஒரு கையில் ரெஜிஸ்டர், ஒரு கையில் போன். எல்லாவற்றையும் அந்தப் போனில்தான் ஏற்ற வேண்டும் அவருக்கு.

ஹம்ஸினியின் ஆதார் கார்டு மன்னார்குடியில் அப்பாவிடம் இருந்தது. அவர் நம்பரை மட்டும் மெசேஜில் அனுப்பியிருந்தார். நம்பர் போதும், கார்டு வந்ததும் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். ஊர், வயது, எத்தனையாவது மாசம், முதல் குழந்தையா, எல்லாவற்றையும் அவர் தெலுங்கில் கேட்க, நான் தமிழில் கேட்டு, தெலுங்கில் திருப்பிச் சொன்னேன். உள்ளே வெந்த பருப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்தைத் தாண்டி நடந்துபோன ஞாபகம் வந்தது. அப்போதும் இதே வாசனை. நான் வாசலைக்கூடப் பார்க்காமல் போனேன்.

அந்த யோசனையில் நான் இருந்தபோது டீச்சர் நேராக அவளையே பார்த்துக் கேட்டார். “மீ இன்டி பேரு ஏன்ட்டம்மா?”

ஹம்ஸினியின் முகம் மலர்ந்துவிட்டது. இன்டி என்றால் வீடு என்று ரக்ஷி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பேரு என்றால் பேர். வீட்டுப் பேர்! வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறார், அவ்வளவுதானே? யாரும் மொழிபெயர்க்காமல் ஒரு தெலுங்குக் கேள்வி அவளுக்குப் புரிந்துவிட்ட முதல் தடவை அது. நான் வாயைத் திறப்பதற்குள் பரீட்சையில் கையைத் தூக்குகிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

“கண்ணா!”

டீச்சருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கண்ணா என்கிற இன்டி பேரு இந்தப் பக்கத்தில் நிஜமாகவே உண்டு. “ஓஹோ, கண்ணா வாள்ளா!” என்று, கண்ணா குடும்பத்துக்காரர்களா என்கிற மாதிரி, தலையாட்டிக்கொண்டு போனில் தட்டினார். கண்ணா ஹம்ஸினி.

வெங்கடகிருஷ்ணன் மகள் ஹம்ஸினி. ஆதாரில் ‘ஹம்ஸினி வி’ என்று இருக்கும், கார்டைப் பார்க்காமலே சொல்வேன். இந்தப் பெயரும் அந்த நம்பரும் ஒத்துப்போகாது. போன் இன்றைக்கு வாங்கிக்கொள்ளும், அப்புறம் துப்பிவிடும். இதை நான் தினமும் பார்க்கிறேன். ‘டீச்சர், அது இன்டி பேரு இல்ல, செல்லப் பேரு’ என்று சொல்ல எனக்கு மூன்று நொடி போதும்.

சொல்லவில்லை. நான் நெட் சென்டரில் எத்தனை பேருக்கு எத்தனை பெயரைத் தட்டியிருப்பேன்! எனக்கென்று இந்த வீட்டில் ஒரு பெயர் இல்லை. இவளுக்கு அது வாங்கவும் தெரிகிறது, அதை சர்க்கார் கணக்கில் ஏற்றவும் தெரிகிறது. ஏற்றிக்கோடி, நன்றாக ஏற்றிக்கோ என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

போன் ஒத்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருக்காமல் டீச்சர் மூன்று நாள் சோறு போட்டுவிட்டார். ஹம்ஸினி திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து மாமனாரிடம் கதையாகச் சொன்னாள். ஏழெட்டு கர்ப்பிணிகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். ஒருத்தி பீகார்க்காரியாம். வயிற்றில் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அங்கே மட்டும் முட்டை தங்குகிறதாம். மாமனார் சிரித்தார். நான் உள்ளே வெங்காயம் நறுக்கினேன்.

நாலாம் நாள் தட்டோடு போனவள் சாப்பிடாமலே திரும்பி வந்து, டீச்சர் சைகையோடு சொன்னதில் புரிந்ததைச் சொன்னாள்.

“ஏதோ மேச் ஆகலையாம்க்கா. ஆதாரு தப்பாம். சரிபண்ணிக்கிட்டு வரச் சொல்லுறாங்க.”

சாய்குமார் ஷிப்ட் முடிந்த களைப்போடு ஆதார் சென்டரில் போய் வரிசையில் நின்றான். அங்கே ஆதாரில் ஒரு தப்பும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மைதானே? தப்பு ஆதாரில் இல்லை. அவன் நேரே என்னிடம் வந்தான்.

“அண்ணி, இந்த விஷயத்துல நீங்கதான் எக்ஸ்பர்ட்டு. என்னன்னு பாருங்களேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதல் நாள் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஏதோ ஒரு ஆத்திரம் என்று சாக்கு சொல்லலாம். இதற்குச் சாக்கே கிடையாது. கொழுந்தன் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

“சர்வர் பிராப்ளம்டா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு. மாசக் கடைசியில தானா சரியாயிடும்.”

“ஹவ்வா? அப்ப சரி அண்ணி” என்று நிம்மதியாகப் படுக்கப் போனான். மாமனாரும் அதை நம்பினார். அந்த மாசக் கடைசி வந்தது. அடுத்த மாசக் கடைசியும் வந்தது. மன்னார்குடியிலிருந்து கூரியரில் ஆதார் கார்டு வந்து அலமாரியில் கிடந்தது.

வீட்டில் முட்டை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மாமனார் அட்டை அட்டையாக வாங்கிப் போட்டார். ஆனால் அடுப்படி என் கையில். நான் முட்டையை அவித்து அவள் முன்னால் வைக்கிற வேகத்தில், வைக்கிற முகத்தில், யாருக்கும் அது தொண்டையில் இறங்காது. “போதும்க்கா, பசிக்கல” என்பாள். பசிக்காவிட்டால் போ என்று எடுத்துவிடுவேன். இரண்டு மாசத்தில் அவள் கன்னமெல்லாம் ஒட்டிப்போய், உதடு வெளுத்து, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். கண்ணாவுக்கு நடிப்பு ஜாஸ்தி என்று பத்ரியிடம் சொன்னேன். பத்ரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்.

இத்தனைக்கும் மாதுளை மட்டும் நிற்கவில்லை. பாதிக் கிண்ணமும் நிற்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, நெட் சென்டரில் நல்ல கூட்டம். டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்து நின்றது என் மாமனார். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். வீட்டு ஆள் என்று உள்ளே வராமல், டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று வந்திருக்கிறார். ரயில்வேக்காரர் புத்தி.

“என்ன மாமா, கைக்கு இங்க வந்தீங்க? வீட்லயே சொல்லக் கூடாதா?”

அவர் ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்று. குழந்தை மாசத்துக்கு ஏற்ற எடை இல்லை. ஊசியில் இரும்புச் சத்து ஏற்றணும், அதற்கும் ஏறாவிட்டால் ரத்தம் ஏற்றணும், வயிற்றுக்குள் சாப்பாடு போகாமல் ஊசியால் மட்டும் ஒன்றும் ஆகாது, அங்கன்வாடியில் ஏன் இன்னும் சேரவில்லை என்று டாக்டரம்மா சத்தம் போட்டாராம்.

“இந்த அப்ளிகேஷன்ல என்ன தகராறுன்னு எனக்குத் தெரியல. நீ ஒருத்திதான் பாக்க முடியும்” என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் தடவை நான் பேப்பரு படிச்சிகினு குந்திகினு இருந்தேன். ஒரு வார்த்த பேசியிருந்தா அந்தக் கொழந்த இப்படி நறுங்கிப் போயிருக்காது. தெனம் அது ஸ்கூலுக்குப் போறத பாக்கறப்போ எனக்கு அதான் தோணும். அந்தத் தப்ப மறுபடியும் செய்யக் கூடாதுன்னுதான் இவள விழுந்து விழுந்து பாக்கறேன். நீ எதாவது பண்ணு, பாமா.”

பதினொரு வருஷத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான். கண்ணா இல்லை, வெறும் பாமா. கீபோர்டில் எதையோ தட்டுகிற மாதிரி பாவனை செய்தேன். நான் எதைப் பார்த்துப் பொசுங்கிக்கொண்டிருந்தேனோ, அந்த மாதுளம்பழம் பாதி எனக்காக வாங்கியதுதான். எட்டு வருஷம் தாமதமாக, வேறொருத்தி கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது தெரிந்தும் எரிச்சல் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தர வேண்டியதை எனக்கே தந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த எரிச்சலோடு இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. ஏழு புள்ளி ஒன்று.

அரை நாள் லீவு போட்டேன். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து ஆதாரை எடுத்தேன். “கெளம்புடி” என்றேன். அவள் ஏன், எங்கே என்று கேட்கவில்லை. தட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சந்து தூரத்துக்குள் மூன்று இடத்தில் நின்றாள். மூன்றாவது தடவை நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

அங்கன்வாடியில் டீச்சர் சாப்பாட்டு நேரத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நான் கார்டை அவர் முன்னால் வைத்து, பெயரைத் திருத்தச் சொன்னேன். இன்டி பேரு கட்டத்தில் இருப்பதை எடுங்கள், கார்டில் உள்ளபடி போடுங்கள், முதலில் பெயர், கடைசியில் வி. அவர் திருத்தினார். போனை ஹம்ஸினியின் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணைச் சிமிட்டச் சொன்னார். வட்டம் சுற்றியது. பச்சை டிக் வந்தது.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷ வேலையை நான் இரண்டு மாசம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் பழைய பதிவைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்ரீஜா டீச்சர் முட்டாள் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

“மீரு பக்கனே உன்னாரு கதா? மீக்கு தெலுசு கதா?” என்றார். குரல் உயரவில்லை.

ஹம்ஸினி என் முழங்கையைத் தொட்டாள். “என்னக்கா கேக்குறாங்க?”

மொழிபெயர்க்கத்தானே என்னை அனுப்பியிருக்கிறார்கள்? வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். கார்டு எப்போது வந்தது என்று கேட்கிறார், அப்பா பெயர் கேட்கிறார். ஆயிரம் பொய் வாயில் தயாராக இருந்தது. அவள் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துலதான இருந்தீங்க, உங்களுக்குத் தெரியும்தானன்னு கேக்குறாங்க” என்றேன்.

“எது தெரியும்?”

“இன்டி பேருன்னா வீட்ல கூப்பிடற பேரு இல்லடி. குடும்பப் பேரு. நீ கண்ணான்னு சொன்ன பாரு, அதனாலதான் இத்தன நாளும் உனக்குச் சாப்பாடு இல்ல.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் அவளுக்கு வெட்கம்தான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ, நான்தான் தப்பா சொல்லிட்டனா?” என்றாள். அப்புறம், யோசித்து யோசித்து, மெதுவாகச் சொன்னாள்.

“நான் சொன்னதும் உங்களத் திரும்பிப் பாத்தனேக்கா. நீங்க சிரிச்சீங்க. அதனால, நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்னு நெனச்சேன்.”



“ஏமன்டோந்தி?” என்றார் டீச்சர். என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்.

அதையும் நான்தான் சொல்ல வேண்டும். தெலுங்கில் சொன்னேன். நான் சிரித்தேனாம், அதைப் பார்த்து, சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாளாம். டீச்சர் ரெஜிஸ்டரை மூடினார். பிறகு நான் ஹம்ஸினியின் பக்கம் திரும்பி, அவள் எந்த மொழியிலும் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன்.

“தெரியும்டி. தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். மாமா உன்னக் கண்ணான்னு கூப்பிடறது எனக்குப் பொறுக்கல. சாய் கிட்ட சர்வர்னு சொன்னதும் பொய்யி.”

அவள் திட்டுவாள், அழுவாள், வெளியே போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையிலிருந்த ஆதார் கார்டை வாங்கிப் பையில் வைத்தாள். உள் அறைக்குப் போய், பீகார்க்காரிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்தாள்.

ஆயா சோறும் பருப்பும் கீரையும் போட்டார். ஓரத்தில் ஒரு முட்டை. ஒரு டம்ளர் பால். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முட்டையைப் பார்த்தபோது, வெட்கமில்லாமல், எனக்கு ஒன்று தோன்றியது. இவள் அதைப் பிட்டு, எழுந்து வந்து, “இந்தாங்கக்கா, உங்களுக்கு” என்பாள் என்று. நாலைந்து மாசமாகப் பழகியது அப்படி. இந்தத் தடவை தட்டிவிடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அவள் முட்டையை எடுத்தாள். தரையில் தட்டி, ஓட்டை உரித்தாள். தலை நிமிரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, மென்று, மஞ்சள் துணுக்கு விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கி, முழு முட்டையையும் தானே சாப்பிட்டாள். அப்புறம் பாலைக் குடித்தாள்.

எனக்குப் பாதி வைக்கவில்லை.